பொருந்தாத ஈரல்

அண்ணே,

நேற்று உன் மகள் உன்னுடைய பழைய நோட்டை எடுத்துக்கொண்டு நிலக்கோட்டைக்கு வந்திருந்தாள். ஒரு பக்கம் முழுக்க ஈரல் செல்லின் படம். அதன் மேல் கொக்கி கொக்கியாக வரைந்திருந்தாய்.

"அத்தை, இது என்னது?" என்றாள்.

மருத்துவமனைக் கட்டிலில் நீ எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன். ரத்தத்தில் சுற்றும் சில புரதங்களின் மேல் சர்க்கரைச் சங்கிலி இருக்கும். பழசாகப் பழசாக அதன் நுனி உதிரும். நுனி உதிர்ந்த புரதங்களை ஈரல் செல்லின் மேலுள்ள இந்தக் கொக்கிகள், அதாவது ஏற்பிகள், அடையாளம் கண்டு, உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். கல்லூரியில் வருடக்கணக்காக நீ நடத்திய பாடம்.

"எனக்கு அந்த ஏற்பியெல்லாம் குறைஞ்சுபோச்சுத்தா. கழிக்க வேண்டியதெல்லாம் ரத்தத்துலயே சுத்துது" என்று சிரித்தாய். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்துக் கிடந்தபோதும் நீ வாத்தியார்தான்.

எனக்கும் நீ படித்த அதே உயிர்வேதியியல் படிப்புக்கு ஒரு காலத்தில் இடம் கிடைத்தது. "வீட்டுக்கு ஒரு படிப்பு போதும்ப்பா. இவ போயி என்னத்தக் கிழிக்கப்போறா?" என்று அப்பாவிடம் சொன்னாய். மூன்றாம் மாதம் எனக்குக் கல்யாணம். அன்று முதல் மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறிக்கிறேன்.

அண்ணிக்கு நீரிழிவு, மகளுக்கு அப்போது பதினெட்டு நிறையவில்லை. ஈரலில் ஒரு பகுதி கொடுக்க நான் ஒருத்திதான் பொருந்தினேன். மருத்துவர் என்னைத் தனியாக அழைத்தார். "உங்களுக்குச் சம்மதமாம்மா? இல்லைன்னா பொருந்தலைன்னு மட்டும் சொல்லிடுவோம். வேற யாருக்கும் தெரியாது" என்றார்.

பயம் ஒன்றுமில்லை. நீ அப்பாவிடம் சொன்னதுதான் காதில் கேட்டது. "சம்மதமில்ல" என்றேன். சொல்லும்போது இனித்தது அண்ணே, மறைக்க மாட்டேன்.

பொருந்தவில்லை என்று மருத்துவர் சொன்னதை மற்றவர்கள் நம்பினார்கள்; நீ விவரம் தெரிந்தவன். என் கையிலிருந்த பரிசோதனைத் தாள்களை வாங்கி வரிவரியாகப் படித்தாய். "எல்லாம் நல்லாத்தானத்தா இருக்கு" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தாய்.  அதற்குப் பதினோராம் நாள் அகரம் கல்லறைத் தோட்டத்தில் உன்னைப் புதைத்தோம்.

நேற்று படத்தை விளக்கி முடித்ததும் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி நாள் அப்பா சொன்னாரு அத்தை. 'உங்கத்தை முழு மனசா குடுக்கத்தான் வந்தா, பொருந்தாமப் போச்சு. அவளை நீ கைவிட்ராத'ன்னு."

பாசத்தில் சொன்னாயா, தெரிந்தே தண்டித்தாயா? இனி யாரிடம் கேட்பேன்?

அவளுக்கு இங்குள்ள கல்லூரியில் அதே படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் என் வீட்டில்தான் தங்கப்போகிறாள். மூன்று வருடம், தினமும் சோறு போடும்போது, நன்றியோடு நிமிரும் அந்த முகத்தை நான் பார்த்தாக வேண்டும்.