பயிற்சிக்காகச் சாத்திய கதவு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் போனை நீயே கட் பண்ணுகிறாய், உயிருக்குப் போராடுகிறவன் அதைச் செய்ய மாட்டான். மெயில் அனுப்பினாலும் பதில் இல்லை. அதனால் நீ வேலை பார்க்கிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வருகிற நம் கணக்கியல் பேராசிரியையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இதை நீ படித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவர் நிற்பார், உனக்கே தெரியும்.

அன்று நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. பாதியில் திரையில் வந்தாய், வந்த வேகத்தில் போய்விட்டாய். முழுதாகச் சொல்கிறேன், கேள்.

வேறு பண்பாட்டு ஆட்களோடு வேலை செய்யக் கற்றுக்கொடுக்கிற நம் படிப்பின் மூன்றாவது பயிற்சிக்குக் 'கெட்ட செய்தி சொல்லுதல்' என்று நீதான் பெயர் வைத்தாய். இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் எங்கள் கம்பெனியும் சேர்ந்து போட்ட திட்டம். வெளிநாட்டு மாணவன் ஒருவன் மேலாளராக எங்கள் தொழிலாளர்கள் முன்னால் நின்று, உங்களுக்கெல்லாம் நாளையிலிருந்து வேலை இல்லை என்று சொல்ல வேண்டும். வேறு பண்பாட்டு ஆட்கள் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், படம் பிடித்து வகுப்பில் பேச வேண்டும். கம்பெனியின் பயிற்சி அதிகாரி என்கிற முறையில் நான் அதில் ஒரு வரி சேர்த்தேன். இது நடிப்பு என்று தொழிலாளர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அது.

அந்த வரி திட்டத்தில் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் கடைசிக் கூட்டத்தில் உன் வெளிநாட்டுப் பேராசிரியர், சொல்லிவிட்டால் அவர்களும் நடிப்பார்கள், நிஜமான முகம் கிடைக்காது என்றார். நீ ஓங்கித் தலையாட்டினாய். நான் கத்தினேன். எங்கள் பயிற்சித் தலைவர் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எழுத்தில் எதையும் மாற்றாமல், சொல்ல வேண்டாம் என்று வாய்மொழியாகவே முடிவு பண்ணிவிட்டீர்கள்.

பயிற்சிக்கு முதல் நாள் அங்கிருந்து உன் மாமாவை, பேக்கிங் சூப்பர்வைசரான என் புருஷனை, கூப்பிட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "மாமா, பேக்கிங் ஆளுங்களை உள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்திடுங்க, மெஷின் சத்தம் ரெக்கார்டிங்ல வரக்கூடாது. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. பத்தே நிமிஷம், அப்புறம் நானே திரையில வந்து விளையாட்டுன்னு சொல்லிடறேன்" என்றாய். மாமா பதிலே சொல்லவில்லை. "அப்ப சரி மாமா" என்று வைத்துவிட்டாய்.

டேய், நம் முதல் பாடம் என்ன? இந்தப் பக்கத்து ஆள் பேசாமல் இருந்தால் அது சம்மதம் இல்லை, மறுப்பாகவும் இருக்கலாம், இன்னொரு தரம் கேள். அதை எழுதியவனே நீதான். அதற்கு உதாரணமாக, கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிற ஒரு சூப்பர்வைசரைப் பற்றி எழுதினாயே, அது யார்? ஊர் உலகத்துக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் சொந்த மாமாவிடம் ஒரு வார்த்தை திரும்பக் கேட்கவில்லை.

பேசாமலே போய், நீ சொன்னதைச் செய்தார் மாமா. உன் மேல் அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

வெளிநாட்டு மாணவன், நாம் நெட்டையன் என்போமே, அவன் நீ பதிவு செய்து அனுப்பிய வாக்கியங்களை மனப்பாடம் பண்ணி நம் மொழியிலேயே சொன்னான். சொல்லும்போது சிரித்தான். பதற்றம் வந்தால் சிரிப்பான் அந்தப் பையன். நமக்குத் தெரியும், பேக்கிங் ஆட்களுக்கு எப்படித் தெரியும்? முன் வரிசையில் பாட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வேலை நேரமெல்லாம் முணுமுணுத்துப் பாடுகிற மனிதர், ஓர் ஈயைக்கூட விரட்டிப் பார்த்ததில்லை. அவர் முன்பு இருந்த ஆலையை இப்படித்தான் ஒரு காலையில் இழுத்து மூடினார்கள். அன்றைக்கும் சொல்ல வந்தவன் சிரித்தானாம்.

நானும் உன் வெளிநாட்டுப் பேராசிரியரும் வெளியே கண்ணாடி ஜன்னலில் நின்றோம். பாட்டுக்காரர் எழுந்தார். மரப்பெட்டி திறக்கிற இரும்புக் கம்பி கையில் இருந்தது, வேலையிலிருந்து அப்படியே வந்தவர். முதல் அடி பையனின் தோளில் விழுந்தது. இரண்டாவது வாயில். பல் தெறித்துக் கண்ணாடியில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது அடிக்கு மாமா நடுவில் பாய்ந்து கையைக் கொடுத்தார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. வெள்ளையாகத் தெரிந்தது, பார்த்தேன். "விளையாட்டுடா, விளையாட்டுடா" என்று கத்தினார். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் மற்றவர்களுக்கும் வெறி பிடித்தது. நாற்காலி பறந்தது. கேமரா ஸ்டாண்டைப் பிடுங்கிக் கீழே கிடந்த பையனைக் குத்தினார்கள், ஒரு குத்து கண்ணில். நான் கதவை உதைக்கிறேன், உள்ளே தாழ்ப்பாள். பேராசிரியர் பக்கத்தில் நின்று, ரெக்கார்டிங் நிற்கக்கூடாது என்கிறார். அவர் கழுத்தை நெரித்திருக்க வேண்டும். கதவை உதைக்க வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

காவலாளிகள் கதவை உடைத்தார்கள். உள்ளே போய் யாரைக் காப்பாற்றினார்கள் என்கிறாய்? எல்லோரையும் தடியால் வெளுத்தார்கள். பாட்டுக்காரரைக் கீழே தள்ளி, காதிலிருந்து ரத்தம் வரும்வரை பூட்ஸ் காலால் மிதித்தார்கள். முறிந்த கையோடு நின்ற மாமாவுக்கும் முதுகில் விழுந்தது.

அந்த நேரத்தில்தான் திரையில் நீ வந்தாய். "எல்லாருக்கும் வணக்கம்! பயந்துட்டீங்களா?" என்று சிரித்தாய். தரையெல்லாம் ரத்தம். உன் சிரிப்பு அப்படியே நின்றதையும், உன் கை பட்டனுக்குப் போனதையும் பார்த்தேன். திரை இருண்டது. இருண்ட திரையையும் ஒருவர் உடைத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

பையன் பிழைத்துவிட்டான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இடது கண் போய்விட்டது. அவன் அம்மா வந்திருக்கிறாள், அவள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவளுக்குத் தெரியாது. என் கையைப் பிடித்து நகம் பதிகிற மாதிரி அழுத்தினாள். பாட்டுக்காரர் ஜெயிலில் இருக்கிறார், ஒரு காது கேட்கவில்லை. அவர் மனைவி நம் வீட்டுக்கே வந்து என் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டேன்.

மாமாவை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே போலீஸ் கூட்டிப் போய்விட்டது. ஆளைத் திரட்டியவர் அவர், கதவைச் சாத்தியவர் அவர், தொழிலாளர்களிடம் உண்மையைச் சொல்லாதவர் அவர். ஆகவே திட்டம் போட்டு அடிக்க வைத்தார் என்பது வழக்கு. உன் பல்கலைக்கழகமும் எங்கள் கம்பெனியும் அழகாகக் கை கழுவிவிட்டன. திட்டத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று இருக்கிறதே, சூப்பர்வைசர் ஏன் சொல்லவில்லை என்கிறார்கள். என் வரி, என் புருஷன் தலையிலேயே விழுந்தது. அதற்கு என்னையும் ஆமாம் போடச் சொன்னார் எங்கள் பயிற்சித் தலைவர். மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து வீசினேன். படவில்லை, என் கெட்ட நேரம். இப்போது எனக்கும் வேலை இல்லை. இதை நிஜமாகத்தான் சொன்னார்கள்.

இனிமேல் எழுதப்போவதை நிதானமாகப் படி. சொல்லாதே என்று உனக்கு யார் சொன்னது என்று ஸ்டேஷனில் மாமாவைக் கேட்டிருக்கிறார்கள். "யாரும் சொல்லலை, நானாத்தான் விட்டுட்டேன்" என்றாராம். நம்பாமல் உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். நான் பார்க்கப் போனபோது செருப்பு போட முடியாமல் நின்றார். பாதம் இரண்டும் கறுத்து, வெடித்து, நீர் கசிந்தது. இத்தனைக்கும் உன் பெயரை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன் என்றேன். "அவனுக்கு அங்க இப்பத்தான் வேலை நிலைக்குது. இந்த ரத்தம் அவன் பேர்ல ஒட்டுச்சுன்னா எந்த ஊர்லயும் நிக்க முடியாது. நம்ம பொண்ணு மேல சத்தியம் பண்ணு, நீ சொல்லக்கூடாது" என்றார். மாட்டேன் என்றேன். கம்பிக்குள்ளிருந்து அந்தக் கட்டுப் போட்ட கையை நீட்டினார். சத்தியம் பண்ணிக்கொடுத்துவிட்டேன்.

ஆகவே அவரும் பேச மாட்டார், நானும் பேச முடியாது. உன் பேராசிரியர், சொல்ல வேண்டாம் என்று யாரும் முடிவு பண்ணவே இல்லை என்று பொய் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். அடுத்த வாரம் மாமாவை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். பையனின் கண்ணுக்குப் பத்து வருடம் கேட்கப் போகிறார்களாம். நீ வந்து நின்று, சொல்லாதே என்று சொன்னது நான்தான் என்றால் மாமா வெளியே வருவார். உன் வேலை போகும், பெயர் கெடும், ஒருவேளை உன்னையும் பிடித்து வைப்பார்கள். மறைக்கவில்லை, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பாட்டுக்காரரும் எதனால் கை ஓங்கினார் என்று அப்போதுதான் நாலு பேருக்குத் தெரியும்.

கடிதம் கொடுத்தனுப்பப் போகிறேன் என்று மட்டும் மாமாவிடம் சொன்னேன், என்ன எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. "பய ரொம்ப பயந்திருப்பான். திட்டாம எழுது" என்றார்.

என்னால் முடிந்தவரை திட்டாமல்தான் எழுதியிருக்கிறேன். நீ நூறு வயது நன்றாக இரு. வாடா.

உன் அக்கா