கண்ணால் போட்ட எடை

மார்ச் 13

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். அக்கா மகளுக்கு ஸ்டெம்செல் ஏற்றிய அன்றே, "ரத்தப் புற்று ஓடிடும், கல்லீரல்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்" என்று வாசல் காவலாளி வரைக்கும் சொல்லி வைத்தேன். இன்று டாக்டரம்மா அதையே சொல்கிறார். கல்லீரலுக்குள் பொடிப்பொடி ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றனவாம். எட்டாம் வகுப்போடு நின்றவன் சொன்னது பலித்துவிட்டது.

தனி அறை. உள்ளே ஆள் நடமாட்டம் கூடாது என்று தினமும் அவளை மெஷினில் நிறுத்தி எடை எழுதும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். இன்று நர்ஸே நிறுத்திப் பார்த்தார். 51.2. நேற்று என் கையெழுத்தில் 48.5.

"ஒரே நாள்ல இவ்ளோ ஏறுமா மாமா?" வார்டு முழுக்க எனக்கு மாமா என்றுதான் பெயர்.

"தண்ணி கோத்துக்கிட்டா ஏறாம என்ன பண்ணும் சிஸ்டர்?" என்றேன், பெரிய மேதை மாதிரி.

மார்ச் 14

அடைப்பைக் கரைக்கும் மருந்து ஏறுகிறது. வயிறு உப்பியிருக்கிறது. கண் மஞ்சள். வலது விலாவுக்குக் கீழே விரல் பட்டாலே துடிக்கிறாள்.

அடைப்பு வருமுன்பே ரத்தத்தில் கூடும் சில பொருள்கள் உண்டாம். அதை அளந்து ஆராய்ச்சி செய்கிறார்கள் இங்கே. அவளுக்கு 11ஆம் தேதியே கூடியிருந்ததாம். டாக்டரம்மா சொன்னார்: "அதை மட்டும் நம்பி இந்த மருந்தைத் தொட முடியாதுங்க, ரத்தக்கசிவு பயம் இருக்கு. எடையும் ஏறுதான்னு பாத்தோம். உங்க நோட்டுல ஏறவே இல்ல. அதான் ரெண்டு நாள் பொறுத்தோம்."

உங்க நோட்டுல.

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

மார்ச் 15

அக்காவுக்குச் சளி, உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசினாள். "நீ கூட இருக்கேங்கற தைரியத்துலதாண்டா நான் தூங்கறேன்."

சிக்னல் இல்லை என்று சைகை காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 17

மூச்சு வாங்குகிறது அவளுக்கு. இவள் போய்விட்டால்? — எழுதிவிடுகிறேன்.

இருபது வருஷமாக லாரி எடைமேடையில் வேலை. லாரி ஏறுமுன்பே கண்ணால் பார்த்து எடை சொல்கிறவன் என்று குடும்பத்தில் பெயர். 11ஆம் தேதி காலை அவளுக்கு வாயெல்லாம் புண், எழுந்திருக்க முடியவில்லை. "மாமா, லாரியையே பாத்து சொல்லுவீங்களே, என்னையும் பாத்தே எழுதிக்கோங்களேன்."

ஏற இறங்கப் பார்த்தேன். 48.3. முழுசாக 48 என்று போட்டால் சந்தேகம் வரும். அந்தப் புள்ளி மூன்று என் கைவண்ணம். மறுநாள் அவள் கேட்கக்கூட இல்லை. நானாகவே 48.5.

எவன்டா உன்னைக் கேட்டான்?

மார்ச் 20

மூச்சு கொஞ்சம் பரவாயில்லை.

"இந்தப் பொண்ணு கேஸ் விசித்திரம். ரத்த டெஸ்ட்ல காட்டியும் எடை ரெண்டு நாள் நகரல. ஆராய்ச்சில குறிச்சு வெச்சிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. அடுத்து வருகிற பிள்ளைக்கும் இதைப் பார்த்துத்தானே பொறுத்திருப்பார்கள்? நடைவழியிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. என் நோட்டை வாங்கி இரண்டு எண்களையும் கோடு போட்டு அடித்தார். "அவகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 21

சொல்லவில்லை.

மார்ச் 22

இன்றும்.

மார்ச் 29

47.6. அவளே ஏறி நின்று, அவளே வாய்விட்டுப் படித்தாள். நான் எழுதினேன். கண்ணில் மஞ்சள் போய் வெளுத்துவிட்டது. பார்வைக்கு எனக்கு என்னவோ ஐம்பது மாதிரிதான் தெரிந்தாள்.

சொன்னேன். உங்களால் இரண்டு நாள் போச்சு என்று கத்துவாள் என்றுதான் நினைத்தேன். "கேட்டது நான்தானே மாமா. லாரின்னா நீங்க சரியாத்தான் சொல்லுவீங்க. நான் லாரியா?" என்று சிரிக்கிறாள்.

லாரி கதையை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. இங்கேயாவது எழுதுகிறேன். லாரி முதலில் மேடையில் ஏறிவிடும். ஜன்னலுக்குள் மெஷினில் எண் விழும். பார்த்துக்கொள்வேன். பிறகு வெளியே வந்து, டயரைக் காலால் தட்டி, கண்ணை இடுக்கி, டிரைவரிடம் அந்த எண்ணைச் சொல்வேன். இருபது வருஷத்தில் ஒரு லாரிக்குக்கூடக் கண்ணால் எடை சொன்னதில்லை.