ரெண்டாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவுல

மார்ச் 4, செவ்வாய்

பிரஷர் 138/84. எடை 61. கால் வீக்கம் இல்ல.

தினமும் எழுதச் சொன்னது இவ்வளவுதான். பொண்ணு வாங்கிக் குடுத்த நோட்டுல ஒரு நாளைக்கு ஒரு பக்கம் இருக்கு. மூணு வரி எழுதிட்டு மிச்சத்த சும்மா விட்டா, பாதித் தலை வெட்டி எழுப்பி விட்ட மாதிரி இருக்கு. நாப்பது வருஷம் சலூன் வச்சவனுக்கு அது ஆகாது.

இன்னைக்கு வீட்ல தண்ணிப் பஞ்சாயத்து. நாலாம் மாடி டாக்டரம்மா, நெஞ்சுக்குப் பாக்குறவங்க, ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி கூடாதுங்கிறாங்க. ரெண்டாம் மாடி மொட்டை டாக்டர், அடிப்பக்கத்துக் கேன்சருக்குப் பாக்குறவர், தண்ணி நல்லா குடிங்கங்கிறார். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே லிஃப்ட். எனக்கும் ஒரே வாய்தான்.

பொண்ணு பாட்டில்ல கோடு போட்டா. "கோடு வரைக்கும் குடிங்கப்பா."

"மேலேருந்து கோடு வரைக்குமா, கீழேருந்தா?"

முறைச்சுட்டு ஆபீசுக்குப் போயிட்டா.

மார்ச் 6, வியாழன்

கேன்சர் ரத்த டெஸ்ட்ல நம்பர் வந்துடுச்சு. 1.8. சைபர்ல இருக்கணுமாம்.

எனக்குப் புரியல. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி புராஸ்டேட்டுங்கிற அந்தச் சுரப்பியையே அறுத்து எடுத்தாங்க. திரும்ப வந்துச்சுன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முப்பத்தஞ்சு நாள் கரண்ட் வச்சாங்க. இப்ப மூணாவது தடவை. "கடையையே இடிச்சாச்சு, வியாபாரம் மட்டும் எப்படி நடக்குது?"ன்னு மொட்டை டாக்டரைக் கேட்டேன். அவர் சிரிக்கல. முன்னாடியே சிதறிப் போயிருக்கும்னார்.

இது ஆம்பளை ஹார்மோனத் தின்னுதான் வளருதாம். அத நிறுத்த மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. போட்டா உடம்பு திடீர்னு கொதிக்கும், வேர்த்துக் கொட்டும், மார் லேசா வீங்கலாம், அந்த ஆசை போயிடும்னார்.

"அது ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சு டாக்டர். பென்ஷன் கூட வர்றதில்ல."

நர்ஸ் வாயப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுச்சு. டாக்டர் மட்டும், "உங்க நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கு. நாலாம் மாடில ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, அப்புறம் போடலாம்"னார்.

வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்தேன். லிஃப்ட் ரெண்டு தடவை வந்து போச்சு, ஏறல. இவ்வளவு நேரம் சிரிக்க வச்சவன் நான்தானா?

பொண்ணு கூட வர்றேன்னுதான் சொல்றா. நான்தான் விடல. மார் வீங்கும்னு டாக்டர் சொல்றப்ப அவ பக்கத்துல உக்காந்திருந்தா நான் எந்தப் பக்கம் பாக்குறது? துணைக்கு சீப்பு வர்றான், கேன்டீன்லயே உக்காந்துக்குவான். என் கடையில ரெண்டாவது நாற்காலி அவனோடது. காதுல எப்பவும் சீப்பு சொருகியிருக்கும். தலையில முடி கிடையாது.

உடம்பு கொதிக்கும்னதும் வீட்டுக்காரி ஞாபகம் வந்துச்சு. அவளுக்கும் அம்பது வயசுல அப்படி இருந்துச்சு. "எங்க வீட்ல அடுப்பே வேணாம், இவ தலையில கெட்டில வச்சாப் போதும்"னு கடையில சொல்லிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சிருக்கேன்.

மார்ச் 12, புதன்

பிரஷர் 144/90. ஏறாம என்ன செய்யும்?

நாலாம் மாடி. ஊசின்னு சொன்னதும் டாக்டரம்மா முகம் சுருங்குச்சு. என்னென்னவோ சொன்னாங்க. ஜாக்கிரதையா இருக்கணும், அதுல ரெண்டு வகை இருக்கு, எந்த வகைன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அவரை எங்கிட்டப் பேசச் சொல்லுங்கன்னு ஏதோ. பாதி இங்கிலீஷு. ஒரு தாள்ல எழுதிப் பச்சை ஃபைல்ல வச்சாங்க. நெஞ்சுக்குப் பச்சை, கேன்சருக்குச் சிவப்புன்னு பொண்ணு பிரிச்சு வச்சிருக்கா.

பேச்செல்லாம் லிஃப்ட் இறங்குறதுக்குள்ள மறந்து போச்சு. மனசுல நின்னது முகம் சுருங்குனது மட்டும்தான். நான் கண்ணாடியில மூஞ்சியப் பாத்துப் பொழச்சவன். மூஞ்சி பொய் சொல்லாது.

மார்ச் 13, வியாழன்

"என்ன சொன்னாங்க?"ன்னு கடையில சீப்பு கேட்டான்.

"ஊசி போட்டா நெஞ்சு நின்னுடுமாம்."

அப்படியா சொன்னாங்க? சொல்ற மாதிரிதான் பாத்தாங்க. மத்தியானத்துக்குள்ள நாலு பேருக்குச் சொல்லிட்டேன். நாலாவது ஆளுக்குச் சொல்றப்ப டாக்டரம்மா அழுதுட்டாங்க.

மார்ச் 20, வியாழன்

இன்னைக்கு மொட்டை டாக்டர்கிட்ட விஷயத்தச் சொன்னேன். "அவங்க வேணாம்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க டாக்டர்."

பச்சை ஃபைல் எங்கன்னார். வீட்லன்னேன். மறந்துட்டுத்தான் போனேன். அப்படித்தான்னு நெனைக்கிறேன்.

அதோட விட்டிருக்கலாம். நாக்கு அரிச்சுது. "இடுப்புக்குக் கீழ பாக்குறவங்களுக்கு நெஞ்சப் பத்தி என்ன தெரியும்னு வேற கேட்டாங்க"ன்னு சேத்து விட்டேன். அந்த மண்டை நெத்தியிலிருந்து பின்னாடி வரைக்கும் செவந்துச்சு. அப்படியே மேல ஃபோன் பண்ணிச் சண்டை போடுவார், சண்டையில விஷயம் தெளிஞ்சிடும்னு ஒரு கணக்கு. கடையில இது பலிச்சிருக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஒம்போது வருஷம் பேசல. ஒரே நேரத்துல ரெண்டு நாற்காலியிலயும் உக்கார வச்சு, மூஞ்சி பூரா நுரை போட்டுட்டு, அவர் இப்படிச் சொன்னார் இவர் அப்படிச் சொன்னார்னு ரெண்டு பக்கமும் ஊதி விட்டேன். நுரையோட எந்திரிச்சு ஓட முடியாது. சேவிங் முடியறதுக்குள்ள பேசிட்டாங்க.

இவருக்கு நுரை போட ஆளில்ல. ஃபோனைத் தொடவே இல்ல. "சரி, நெஞ்சுதான் முக்கியம். ரெண்டு மாசம் நம்பரை மட்டும் பாப்போம்"னு எழுதிட்டார்.

லிஃப்ட்ல எனக்கு உடம்பு லேசான மாதிரி இருந்துச்சு. ஏன்னு தெரியல.

ஏப்ரல் 2, புதன்

வெட்ட ஒரு முடி இல்லாத தலையவும் செவக்க வச்சவன் நான் ஒருத்தன்தான்.

ஏப்ரல் 9, புதன்

காலையில குனிஞ்சு செருப்பு மாட்டுறப்ப இடது விலாவுல சுருக்குன்னுச்சு. நெஞ்சா? வாயுவா? இல்ல அது எலும்புல ஏறிடுச்சா? மத்தவனுக்கு வலி வந்தா டாக்டர்கிட்டப் போவான். எனக்கு எந்த மாடின்னே தெரியல.

வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். "நடுவுல மூணாம் மாடி இருக்கே, அங்க போங்க"ன்னா.

"மூணாம் மாடில பிரசவம்டி."

"போய்ப் படுங்க. உங்களுக்கு இருக்குற வயித்துக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சதுல வலி போயிடுச்சு. அப்ப அது எந்த வலி?

மே 14, புதன்

நம்பர் 4.1.

ஸ்கேன்ல இடுப்பெலும்புல ரெண்டு புள்ளி.

மே 15, வியாழன்

பொண்ணு லீவு போட்டுட்டு வந்து, ஃபைலெல்லாம் கூடத்துல பரப்பி வச்சு வரிசையா அடுக்குனா. பச்சை ஃபைல்லருந்து ஒரு தாள எடுத்துப் படிச்சா. திரும்பவும் படிச்சா.

"அப்பா. டாக்டரம்மா ஊசி வேணாம்னு சொல்லவே இல்லையே."

"சொன்னாங்கம்மா."

"போடலாம்னு எழுதியிருக்காங்க. மூணு மாச ஊசி வேணாம், மாசா மாசம் போடுற இன்னொரு வகை உங்க நெஞ்சுக்குப் பரவாயில்லையா இருக்கும், டாக்டரை உடனே பேசச் சொல்லுங்கன்னு. மார்ச் பன்னெண்டுல எழுதுனது."

நான் பாட்டில் மூடியத் திருகிக்கிட்டு இருந்தேன்.

"ரெண்டு மாசம்பா."

கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவ கத்தல. வீட்டுக்காரி துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. ஒரே சட்டைய மூணு தடவை மடிச்சா.

மே 16, வெள்ளி

பிரஷர் பாக்கல.

அந்தத் தாள்ல இருந்த இங்கிலீஷு எனக்குப் படிக்கத் தெரியாது, சரி. வாயால சொன்னாங்களே. இந்த நோட்டுலயே எழுதி வச்சிருக்கேன். ரெண்டு வகை இருக்கு, பேசச் சொல்லுங்க. என் கையெழுத்துதான். எழுதிட்டு மறுநாளே கடையில போய் வேற கதை சொல்லியிருக்கேன். என் கதைய நானே நம்பியிருக்கேன். ஊர்ல எவனுக்காவது இப்படி நடக்குமா?

இல்ல, நான் நம்பலையா? ஊசிக்கு எனக்குப் பயமா இருந்துச்சு. பயமா இருக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் டாக்டரம்மா வாயில போட்டுச் சொல்ல வச்சேனா? அன்னைக்கு லிஃப்ட்ல உடம்பு லேசானது அதுக்குத்தானா?

தெரியல. எத்தனை தடவை கேட்டாலும் ஒவ்வொரு தடவையும் வேற பதில் வருது.

அந்த ரெண்டு புள்ளி மார்ச்லயே இருந்துச்சா, இப்ப வந்ததா? அதையும் யாரும் சொல்ல மாட்டாங்க.

மே 19, திங்கள்

மூணு பேரும் போனோம். பொண்ணு என் பக்கத்து நாற்காலியில உக்காந்தா. தாளைக் குடுத்தா. மொட்டை டாக்டர் படிச்சுட்டு மேல ஃபோன் போட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி மேசையில வச்சார்.

"நான் எப்ப சார் வேணாம்னேன்?"னு டாக்டரம்மா குரல்.

"இடுப்புக்குக் கீழ பாக்குறவங்களுக்கு நெஞ்சப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேட்டதாச் சொன்னாரே."

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டாங்க, "பெரியவரே, அங்க இருக்கீங்களா? நான் அப்படியா சொன்னேன்?"

"இல்லம்மா. அது நானா சேத்தது."

வீட்டுக்காரி சுவத்துல இருந்த காலண்டரையே பாத்துக்கிட்டு இருந்தா.

ரெண்டு பேரும் பத்து நிமிஷம் பேசுனாங்க. ஒன்பது வாரத்துல ஆகாதது பத்து நிமிஷத்துல ஆச்சு. கடைசியா டாக்டரம்மா சொன்னாங்க, "இந்த ஊசியிலயும் நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. போடலன்னா எலும்புல ஏறும், அது நிச்சயம். முடிவு நீங்கதான் சொல்லணும்."

எல்லாரும் என்னையே பாத்தாங்க. கடையில எப்படி வெட்டட்டும்னு கேட்டா, சில பேர் உங்க இஷ்டம்பாங்க. அவங்களக் கண்டாத்தான் எனக்குப் பயம். வெட்டி முடிச்ச பிறகு மூஞ்சி கோணும், பழி நம்ம மேல வரும். உங்க இஷ்டம்கிறது எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"எனக்குப் பயமா இருக்கு"ன்னேன். இது யாரோட வாயிலயும் போடல. "போட்டுடுங்க."

முதல் தடவைங்கிறதால ரெண்டு ஊசி, வயித்துல. நர்ஸ் வந்தப்ப ஏதாவது சொல்லணும்னு தேடுனேன். ஒண்ணும் சிக்கல. சட்டையத் தூக்கிப் பிடிச்சது பொண்ணு.

மே 20, செவ்வாய்

பிரஷர் 136/82. குத்துன எடம் செவந்து தடிச்சிருக்கு. நெஞ்சும் ஓடுது. ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதச் சொல்லியிருக்காங்க. இனிமே ஒரே ஃபைலாம். ஊதா.

ஜூன் 23, திங்கள்

"ஊசி என்ன ஆச்சு?"ன்னு கடையில கேட்டாங்க. "போட்டாங்க"ன்னேன். அவ்வளவுதானான்னு சீப்பு கேட்டான். உடம்பு சரியில்லையான்னு நெத்தியத் தொட்டுப் பாத்தான்.

ஜூலை 11, வெள்ளி

நெஞ்சு படபடன்னு அடிச்சுது. ஓடிப் போய் நாலாம் மாடியில ஈசிஜி எடுத்தாச்சு. ஒண்ணுமில்லன்னாங்க. இல்லன்னா ஏன் அடிக்குது? ஒரு வேளை பயந்தா எல்லாருக்கும் அடிக்குமோ? என் நெஞ்சு எப்ப நெஞ்சு, எப்ப வியாதின்னு எனக்கு இன்னும் பிடிபடல.

செப்டம்பர் 6, சனி

பிரஷர் 134/82. எடை 63. நம்பர் 0.3.

எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும்னு மொட்டை டாக்டரைக் கேட்டேன். அவருக்கும் தெரியாதாம். "தெரியாதுன்னு சொன்னேன்னுதான் மேல போய்ச் சொல்லணும்"னு ஒரு குத்துக் குத்துனார். வாங்கிக்கிட்டேன்.

காலையில சாப்பிட உக்காந்தப்ப அந்தக் கொதிப்பு திரும்ப வந்துச்சு. வயித்துல கிளம்பி கழுத்து, காது, உச்சந்தலைன்னு அடுப்பு மூட்டுன மாதிரி ஏறுது. சட்டை தொப்பலா நனைஞ்சு போச்சு. நாலு வாரமா இப்படித்தான், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. யாருகிட்டயும் சொல்லல.

வீட்டுக்காரி எந்திரிச்சுப் போய் ஜன்னலத் திறந்தா. ஈரத் துண்டப் பிழிஞ்சு என் பின்கழுத்துல வச்சா. "பேசாம இருங்க. அஞ்சு நிமிஷத்துல இறங்கிடும்."

இறங்குச்சு. சரியா அஞ்சு நிமிஷம்.

"உனக்கு இது எத்தனை வருஷம் இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"ஆறு."

"ஆறு வருஷமா? யாருகிட்டயாவது சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அதான் நீங்க கடையில எல்லாருக்கும் சொன்னீங்களே."

துண்ட வாங்கிட்டுப் போய் திரும்ப நனைச்சுக் கொண்டு வந்தா.

அவ சொன்னது இவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை சேக்கல.