கிழியாத முதல் ரொட்டி

அப்பா, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். இறந்துபோனவரிடம் இப்படிக் கெஞ்சுவது பைத்தியம் என்று தெரியும். இந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் இப்போது நான் மட்டும்தான் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் பயமாக இருக்கிறது.

போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். மடியில் உங்கள் தடி கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய மாவின் மணம். அம்மாவின் நோர்வே ஊரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் சுடுகிற உருளைக்கிழங்கு ரொட்டியை, அந்த லெஃப்சேயை, சூடான இரும்புத் தட்டில் போட்டுத் திருப்புகிற தடி. இது கடையில் வாங்கியதல்ல. இரும்பாலையில் படம் வரைய வைத்திருந்த நீள மர அடிமட்டத்தை நீங்களே மெல்லிசாகச் சீவிச் செய்தது. சென்ரிமீற்றர் கோடுகள் இன்னும் தெரிகின்றன. முப்பதுக்குப் பிறகு எல்லாம் கருகிவிட்டது.

நாளை காலை மாமாவின் காரில் நோர்வேக்குப் போகிறோம். திரும்பி வருவதற்கில்லை. இந்த ஜேர்மனியில், எசனில் நாங்கள் தனியாக இருக்கக்கூடாது என்று அம்மாவின் அண்ணன் முடிவெடுத்துவிட்டார். அம்மா தலையை ஆட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. பெட்டியில் இடமில்லை என்று மாமா இந்தத் தடியை அடுப்படி விறகோடு போட்டார். நான் அதை எடுத்து மெத்தைக்கடியில் ஒளித்துவிட்டேன். காலையில் மெத்தையையும் தூக்குவார்கள். பிறகு எங்கே ஒளிப்பது?

மூன்று பேரும் நின்றால்தான் அந்த ரொட்டி சரிவரும் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா உருட்டுவார், நீங்கள் திருப்புவீர்கள், நான் சுட்டதைத் துணிக்குள் மடித்து வைப்பேன். உருட்டுவதற்கு முன் மாத் தூவிய பலகையில் விரலால் என் பெயரை எழுதுவீர்கள்.

“வாசி பாப்பம்.”

நான் வாசித்து முடித்ததும் அம்மா அதன்மேல் உருண்டையை வைத்து உருட்டிவிடுவார்.

“பாத்தியே பிள்ளை, கொம்மா உன்ரை பேரைச் சுட்டுத் தின்னப்போறா.”

முதல் ரொட்டி எப்போதும் கிழியும். தடியை நடுவில் நுழைத்துத் தூக்கும்போதுதான் உங்களுக்குக் கதை சொல்ல வரும். “கிழிஞ்சு போச்சு!” என்று அம்மாவும் நானும் ஒன்றாகக் கத்துவோம். அம்மா பிழையில்லாமல் சொல்லும் தமிழ் அது ஒன்றுதான். கிழிந்தது உங்களுடையது. வெண்ணெய் பூசி, சீனி தூவி, அதற்கு மேல் ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளையும் தூவுவீர்கள்.

“காட்டுமிராண்டி,” என்பார் அம்மா, ஜேர்மன் மொழியில்.

“ஓம் ஓம். திண்டு பாத்திட்டுச் சொல்லும்.”

ஒருமுறை அம்மாவுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, மசித்த கிழங்கில் இரவே மாவைக் குழைத்து வைத்தீர்கள். ஊரில் ரொட்டிக்குக் குழைத்த மா ஊறினால் நல்லதாம். காலையில் பார்த்தால் கூழ். கிழங்கு ஆறிய பிறகு, உருட்டப் போகிற நேரத்தில்தான் மா சேர்க்க வேண்டும் என்று அம்மா தலையில் கைவைத்தார். பிறகு, இனி இதால் சுவருக்குக் காகிதம்தான் ஒட்டலாம் என்று சிரித்தார். நீங்கள் உண்மையாகவே ஒட்டினீர்கள். அந்தக் கூழால் ஒட்டிய காகித நட்சத்திரம் அடுப்படி ஜன்னலில் இன்றும் இருக்கிறது. இன்று பின்னேரம் மாமா அதைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தார். ஒரு முனை மட்டும் வந்தது.

இன்று, வழிக்குச் சாப்பிட என்று, மிச்சக் கிழங்கில் லெஃப்சே சுட்டார்கள். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை. உங்கள் இடத்தில் மாமா நின்றார். நோர்வேயிலிருந்து கொண்டுவந்த பூ வரைந்த தடி அவர் கையில். நான் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, கிழியட்டும், கிழியட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ரொட்டி நிலவுபோல முழுதாகத் துணியில் வந்து விழுந்தது. ஒரு ஓட்டைகூட இல்லை.

அம்மா உருட்டுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

“கிழியேல்லை,” என்றார், மிக மெதுவாக.

மாமா அவர்கள் மொழியில் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அம்மா கையைக்கூடத் துடைக்காமல் அறைக்குள் போனார். மிச்சத்தை மாமாவே உருட்டிச் சுட்டார். எல்லாமே முழுசு.

அப்பா, நேற்று அடிமட்டம் என்ற சொல் எனக்குக் கொஞ்ச நேரம் வரவில்லை. ஜேர்மன் சொல்தான் வந்து வந்து நின்றது. தலையணையைக் கடித்துக்கொண்டு தேடினேன். அங்கே போனால் ஒவ்வொன்றாகப் போய்விடுமா? யாரிடம் கேட்பேன்? உங்களைப் புதைத்த இடத்துக்கு இனி யார் வருவார்கள் என்று அம்மாவிடம் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. சின்னப் பிள்ளையால் ஒரு காரை நிறுத்த ஏலாது. எனக்கென்று இருப்பது முப்பது சென்ரிமீற்றர் வரை வாசிக்கக்கூடிய இந்தத் தடியும், மாவில் நீங்கள் எழுதிக்காட்டிய இந்த எழுத்துகளும்தான். பெட்டியில் இடமில்லையென்றால் கோட்டுக்குள் முதுகோடு கட்டிக்கொள்வேன். காரில் இருக்கும்போது குனிய முடியாது, பரவாயில்லை, நிமிர்ந்தே—

நடையில் காலடி. அடுப்படியில் விறகைப் புரட்டும் சத்தம் கேட்டது, இப்போது இங்கே வருகிறது. டோர்ச்சை அணைக்க வேண்டும்.

கதவைத் தட்டுகிறார்கள். மாமா அல்ல.

“பிள்ளை,” என்கிறார் அம்மா. தமிழில். “அப்பா… தடி… எங்கை?”

அப்பா, குடுக்கட்டோ, இல்லாட்டி…