வாய்க்கால் கரை பெஞ்சு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

எங்கள் துணை சுகாதார நிலையம் மிராசுதார் வீட்டு முன்னறையில் இருக்கிறது. கூலித் தகராறு வந்ததிலிருந்து நடவுப் பெண்கள் அந்தப் படி ஏறுவதில்லை. வேறு இடம் கேட்டால் டாக்டர், "அனுசரிச்சுப் போங்க நர்ஸம்மா" என்கிறார். கர்ப்பிணிகள் வராவிட்டால் நான் எதை அனுசரிப்பது?

இன்று சேரியிலிருந்து நடவுக்காரி அஞ்சலை வந்தாள். தானும் முழுகாமல் இருப்பவள், என் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வாய்க்கால் கரையில் கீற்றுத்தட்டி கட்டி, பெஞ்சு போட்டிருந்தார்கள். "இங்க வெச்சுப் பாருங்க, எல்லாரும் வருவோம்" என்றாள். பெட்டியை அங்கேயே திறந்தேன்.

பெஞ்சு நிறைந்த பிறகு குடத்தோடு ஒருத்தி வந்து ஓரமாக நின்றாள். மிராசுதாரின் மருமகள், ஆறு மாதம். வீட்டில் வேலைக்கு ஆள் வராததால் அவளே தண்ணீருக்கு வருகிறாள். ஆண்கள் நடமாடும் முன்னறைக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அஞ்சலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க. வயித்தோட எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

இது மிராசுதார் காதுக்குப் போகாமல் இருக்க வேண்டும். போனால் அந்தப் பெண்ணை...

கிளம்பும்போது அவளால் குனிய முடியவில்லை. அஞ்சலைதான் குடத்தை முக்கி எடுத்து அவள் இடுப்பில் வைத்தாள். சேரிக்காரி கை பட்டதென்று வழியில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சொட்டுக்கூடச் சிந்தாமல் கொண்டுபோனாள்.