யாரும் வராத முதலுதவி அறை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு, அதுவும் கடைக்குப் போகச் சொன்னால்தான் எட்டிப் பார்க்கிறது. உன் தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், தெருவே ஒதுங்கி நிற்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா என்று எழுது.

போனில் நீ அழுததிலிருந்து எனக்குக் கை வேலை ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்து நீ ஓடாய்த் தேய்ந்ததைப் பார்த்தவள் நான். தொழிற்சாலையில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது என்றதும் உன்னைவிட நான்தான் குதித்தேன். இப்போது நீ, "நாள் முழுக்க நானும் அந்தக் கட்டிலும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்மா, தலைவலின்னுகூட ஒரு ஆள் வரல, கத்துக்கிட்டதெல்லாம் மறந்துடும்போல" என்கிறாய். பழைய ஆஸ்பத்திரியில் மாதக் கடைசி வரை உன் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகத் தலைமை நர்ஸ் சொன்னாராம், திரும்பிப் போகட்டுமா என்று கேட்டாய். போய்விடு கண்ணே என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் நேற்று உன் மாமா வந்தான்.

நீ பயப்படுவாய் என்று இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. கம்பெனியில் தகரம் வெட்டும்போது அவன் விரலில் கீறிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு அப்படியே வேலை பார்த்திருக்கிறான் மகராசன். வீங்கிச் சீழ் பிடித்து, கடைசியில் விரல் நுனியை எடுக்கும்படி ஆகிவிட்டது. இப்போது ஆறி வருகிறது, பதறாதே. என் தம்பிதானே, வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்கள் கம்பெனியிலும் ஒரு நர்ஸ் இருக்கிறாளே, அவளிடம் காட்டுவதற்கு என்ன கேடு என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அந்த ரூம் மேனேஜர் ரூமுக்கு எதிர்லயே இருக்குக்கா. உள்ள போனா வேலைக்கு டிமிக்கி குடுக்கறான்னு பட்டம் கட்டிடுவாங்க. அந்தப் பொண்ணு ஒரு தடவை மிஷின் பக்கம் வந்து, என்னண்ணே கையிலன்னு கேட்டிருந்தா காட்டியிருப்பேன்" என்றான். அவளையும் திட்ட மனசு வரவில்லை. அவளும் உன்னைப் போல, யாரும் வரவில்லையே என்று உள்ளே உட்கார்ந்து அழுதாளோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் உன்னைத் தேடி வந்தார்கள். இந்த வேலையில் நீதான் போகவேண்டும் போலிருக்கிறது. உன் அறை வாசல் யார் கண்ணில் படுகிறது என்று முதலில் பார். டீ குடிக்கும் நேரத்தில் அவர்களோடு போய் நில். எடுத்த எடுப்பில் புத்தி சொல்லாதே, தெறித்து ஓடிவிடுவார்கள். சும்மா பேசு, கைகளைக் கவனி. அப்புறமும் மனசு ஒட்டவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கே போ, நான் குறுக்கே நிற்கமாட்டேன். அழுதுகொண்டு மட்டும் போகாதே.

நோய்நொடி அண்டாமல், மனசு நிறைந்து நன்றாக இரு. அப்பாவின் ஆசியும் இதோடு வருகிறது. ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை மாமா இங்கே இருப்பான். அந்தக் கையைப் பேன்ட் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறான், யார் கண்ணிலும் காட்டுவதில்லை. போன் பண்ணும்போது நீயாகவே கேள்.

உன் அம்மா