டீச்சருக்குக் கேட்காத பதில்

பாப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. எனக்கு இன்று டிப்போவில் இரண்டு ஷிப்ட். வர ராத்திரி ஆகிவிடும்.

பதினொன்றாம் வகுப்புக்கு எந்த ஆன்லைன் வகுப்பு என்று நேற்றுக் கேட்டதற்கு, "எதுன்னாலும் ஓகே, விடுங்கப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டாய். எனக்குச் சுர்ரென்று வந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, பதிவுசெய்த வீடியோதான் நல்லது, வேண்டிய இடத்தில் நிறுத்திப் படிக்கலாம் என்று நான் முடிவு பண்ணியிருந்தேன்.

காலையில் சமாதானம் பேச வந்தேன். உள்ளே அந்தப் பதிவு வகுப்பின் மாதிரி வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வேதியியல் டீச்சர், "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார். நீ, "புரியல மிஸ்" என்றாய். அவர் பாட்டுக்கு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை.

நேரலை வகுப்பிலேயே சேர்த்துவிட்டேன். மொத்தம் ஆறே பிள்ளைகள். இன்று நாலு மணிக்கு முதல் வகுப்பு. கேமராவை அணைத்து வைக்காதே.

அப்பா

மறந்துவிட்டேன்: மாடிச் சாவி ஷூ அலமாரியில்.

இன்னொன்று. அவசரத்தில் படிவத்தில் உன் பெயரை 'பாப்பா' என்றே போட்டுத் தொலைத்தேன். டீச்சர் அப்படிக் கூப்பிட்டால் என்னை அப்புறம் திட்டிக்கொள், முதலில் பதில் சொல். இவருக்கு நீ பேசுவது கேட்கும்.